கம்பெனி காலத்து வியாபாரிகளும் அரசியலும்: மிட்டா ஏலம், 1852 மனு, பாராமகால் தொடர்பு – விவரம் தேவை

தகடூர் வாசகர் (தர்மபுரி)

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரியில் கல்லூரி மாணவர்களுக்காக எட்டுப் பலகைகள் கொண்ட ஒரு சிறு கண்காட்சி தயாராகிறது. பொருள்: 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்து வியாபாரிகளும் அரசியல்வாதிகளும். ஒரு பலகையில் 120 சொல்லுக்கு மேல் இடமில்லை. வரைவு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நான்கு இடங்களில் மட்டும் சிக்கல்.

ஒன்று, 1802-க்குப் பிறகு நம் பக்கத்தில் மிட்டாக்களை (வரி வசூலுக்காகக் கிராமங்களைச் சேர்த்துக் கட்டிய எஸ்டேட்டுகளை) ஏலம் எடுத்தவர்கள் யார்? பரம்பரை ஜமீன்தார்களா, கையில் ரொக்கம் இருந்தவர்களா? அவர்களில் பலர் சில வருஷங்களிலேயே கைவிட்டதற்குக் காரணம் என்ன? இரண்டு, 1852-இல் கம்பெனி ஆட்சியின் குறைகளைச் சொல்லி லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பிய வியாபாரி கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னைப் பட்டணத்துக்காரர். அவரை நம் மாவட்டக் கண்காட்சியில் வைப்பதற்கு நியாயம் உண்டா? மூன்று, பழைய கணக்கில் வரும் வராகன் என்ற பொன் நாணயத்தை மூன்றரையால் பெருக்கி ரூபாய் என்று போடலாமா? நான்கு, இங்கே அதிகாரியாக இருந்து பின்னால் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவை வியாபாரி வரிசையில் வைப்பதா, அரசியல் வரிசையில் வைப்பதா?

முதல் பலகை இப்படித் தொடங்குகிறது: ‘1792-இல் ஓசூர் உட்பட இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் முழுவதும் கம்பெனி வசமாயின.’ இதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

கிஸ்திக்கணக்கு (கிருஷ்ணகிரி)

அந்த முதல் வரியை மாற்றிவிடுங்கள் சார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு விட்டுக்கொடுத்தவற்றில் நம் பக்கம் சேர்ந்தவை பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலமும்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை அடங்கிய பாலாகாட் பகுதி 1799-இல் திப்பு விழுந்த பிறகே வந்தது. இரண்டையும் ஒரே வருஷத்தில் போட்டால் ஓசூர்க்காரர் யாராவது முதல் நாளே வந்து கேட்பார்.

மிட்டா விஷயத்துக்கு முன்னால் பத்து வருஷம் பின்னே போக வேண்டும். 1792-இல் கம்பெனி இங்கே அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல, பட்டாளத்துக்காரர்களை. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். அவருக்குக் கீழே வடக்கில் கிரகாம், நடுவில் தர்மபுரியை வைத்துக்கொண்டு மன்றோ, தெற்கில் மக்லியோட். ஊர்மொழி தெரிந்தவர்கள், முகாம் போட்டு அலைந்து பழகியவர்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்து, நன்செய், புன்செய், தோட்டக்கால் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வை கட்டினார்கள். 1796-இல் ரீட் விட்ட அறிவிப்புதான் ரயத்துவாரிக்கு (குடியானவனிடமிருந்தே சர்க்கார் நேராகத் தீர்வை வாங்கும் முறைக்கு) உயிர். அதன்படி குடியானவன் அந்தந்த வருஷம் வேண்டிய நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம். எடுத்ததற்கு மட்டும் கட்டினால் போதும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை வங்காளத்து நிரந்தரச் செட்டில்மெண்ட் (ஜமீன்தார் கட்டும் தொகையை என்றென்றைக்கும் நிர்ணயித்துவிடுவது) மோகம் வந்து திருப்பிவிட்டது. 1802-ஆம் வருஷத்து 25-ஆவது ரெகுலேஷன் வந்ததும் ஜமீன் இல்லாத இடத்திலும் ஜமீனை உண்டாக்க வேண்டியதாயிற்று. மாகாணத்தில் பரம்பரை ஜமீன் இல்லாத சர்க்கார் நிலங்களுக்கு வைத்த முறை இது: வருஷத்துக்கு 1,000 முதல் 5,000 நட்சத்திர வராகன் வரை தரக்கூடிய அளவில் கிராமங்களைச் சேர்த்து ஒரு மிட்டா. அந்த மிட்டா என்றென்றைக்கும் கட்ட வேண்டிய பேஷ்குஷ் (சர்க்காருக்கான வருஷத் தொகை) முதலிலேயே நிர்ணயம் ஆகிவிடும். ஏலத்தில் கூறுவது பேஷ்குஷ் அல்ல, அந்த மிட்டாவை வாங்கும் விலை. பலகைகளில் பெரும்பாலும் தலைகீழாகப் போவது இந்த இடம்தான். அதிக வரி தருகிறேன் என்றவனுக்கு மிட்டா போனது போல எழுதிவிடுகிறார்கள். விலையைக் கட்டியவருக்கு ‘மில்கியத் இஸ்திம்ரார்’ சன்னது (நிரந்தர உடைமைப் பத்திரம்) கிடைக்கும். பதிலுக்கு அவர் கபூலியத் (ஒப்புதல் பத்திரம்) எழுதிக்கொடுக்க வேண்டும். சேலம் ஜில்லா முழுவதும் இருநூறுக்கு மேற்பட்ட மிட்டாக்களாகக் கூறுபோடப்பட்டது இப்படித்தான்.

ஏலம் என்றால் ரொக்கம் வேண்டும். ஆகவே பணப்புழக்கம் உள்ளவர் யாரும் வரலாம்: லேவாதேவிக்காரர், தானிய வியாபாரி, கச்சேரியில் சம்பாதித்தவர், ஊர்ப் பெரியதனக்காரர். ஒரே சாதிப் பெயரையோ ஒரே தொழிலையோ போட்டு முடித்துவிடாதீர்கள். ஓசூர்ப் பக்கத்துப் பாகலூர், பேரிகை, சூளகிரியை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவை பழைய பாளையங்கள், ஏலத்தில் பிறந்தவை அல்ல.

ஏன் கைவிட்டார்கள் என்றால், மேலேயும் கீழேயும் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் பணத்தைப் போட்டதால். மேலே பேஷ்குஷ் மாறாது. மழை பொய்த்தாலும் கிஸ்தி (தவணை) தேதி வந்தால் கட்டியாக வேண்டும். கீழே குடியானவன் ரீட் போட்ட தீர்வைக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. பட்டாத் தகராறு என்று வந்தால் செட்டில்மெண்டுக்கு முந்தைய விகிதம்தான் நிற்கும். அதோடு நிலத்தை விட்டுவிடும் உரிமையும் அவனிடம் இருந்தது.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு. பேஷ்குஷ் 2,000 வராகன், குடிகளின் மொத்தத் தீர்வை 2,250 வராகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வருஷத்தில் 250 மிச்சம். அதில்தான் குமாஸ்தா, சேவகன் சம்பளம் எல்லாம். ஒரு கெட்ட வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு நிலத்தைக் குடிகள் விட்டுவிட்டால் வசூல் 1,875. சம்பளம் எதுவும் கொடுக்காமலேயே 125 வராகன் கைநஷ்டம். இரண்டு கெட்ட வருஷம் சேர்ந்து வந்தால் பாக்கிக்காக மிட்டாவே ஜப்தியாகி மறுபடி ஏலத்துக்குப் போகும். கேட்க ஆளில்லாவிட்டால் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், நிலம் திரும்ப ரயத்துவாரிக்கு வந்துவிடும்.

‘அப்போ சாராயம், சுங்கத்திலாவது சம்பாதித்திருக்கலாமே’ என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியாது. உப்பு, வெடியுப்பு, சுங்கம், அப்காரி (சாராய வரி), வீட்டு வரி, தொழில் வரி எல்லாவற்றையும் கம்பெனி தன் கையில் வைத்துக்கொண்டுதான் சன்னது கொடுத்தது. மிட்டாதாருக்கு லாபம் வரக்கூடிய ஒரே வழி தரிசை உடைத்துப் பயிராக்குவது. அதற்குக் கிணறு, மாடு, முன்பணம் வேண்டும். ஊரிலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் தாக்குப்பிடித்தார். ஏலத்தில் எடுத்துவிட்டு வெளியூரில் உட்கார்ந்தவர் போனார்.

வராகன்

மூன்றாம் கேள்விக்கு மட்டும்.

3.5 என்பது நட்சத்திர வராகனுக்கு மட்டும் பொருந்தும். ஒரு நட்சத்திர வராகன் மூன்று ரூபாய் எட்டணா. கம்பெனி கணக்கில் அது 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆனால் நம் பக்கம் மைசூர் ஆட்சியில் இருந்ததால் பழைய கணக்குகளில் கண்டீராய வராகன் வரும். அதற்குப் பத்துப் பணம்தான், மதிப்பும் குறைவு. ஒரு ஏட்டில் வராகனுக்கு அடுத்த பத்தியில் 10-க்கு மேற்பட்ட பணம், உதாரணமாக 37 பணம், எழுதியிருந்தால் அது நட்சத்திர வராகன் கணக்கு. பணப் பத்தி எங்கேயும் 9-ஐத் தாண்டவில்லை என்றால் கண்டீராயமாக இருக்க வாய்ப்பு அதிகம், 3.5-ஆல் பெருக்காதீர்கள்.

1818-க்குப் பிறகு சென்னையில் கணக்கு ரூபாய்க்கு மாறிவிட்டது. 1835 முதல் இந்தியா முழுவதும் ஒரே கம்பெனி ரூபாய். பலகையில் ‘இன்றைய மதிப்பில் இத்தனை கோடி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஒரு அடிப்படையும் கிடையாது.

பழைய வருவாய்க் கணக்கில் வரும் பசலி வருஷத்தை ஆங்கில வருஷமாக்க 590 கூட்டுங்கள். பசலி 1212 என்றால் 1802-03. ஜூலையில் தொடங்குவதால் இரண்டு வருஷமும் போட வேண்டும். 1855 வரை ஜூலை 12-இல் தொடங்கியது, அதற்குப் பின் ஜூலை 1.

பழைய கெஜட்டு (ஓசூர்)

லட்சுமிநரசு செட்டிக்கு இடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால்தான் கண்காட்சி நொண்டும். ஆனால் ‘தென்னிந்தியாவின் முதல் தேசியவாதி’ என்று மாலை போட்டு நிறுத்திவிட்டால் பயனில்லை. அவர் என்ன செய்தார், எந்தத் தேதியில் ஏன் செய்தார் என்பதுதான் விஷயம்.

பிறப்பு 1806. குடும்பத் தொழில் அவுரி, துணி. தகப்பனார் காலத்து வியாபாரத்தை ஏற்றுமதி வரை கொண்டுபோனவர். 1844 அக்டோபரில் ‘கிரசெண்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்குகிறார். ஆசிரியராகப் போட்டது எட்வர்ட் ஹார்லி என்ற முன்னாள் ராணுவ அதிகாரியை. உள்ளூர் விவகாரத்துக்கு ஆங்கிலப் பத்திரிகை எதற்கு என்று மாணவர்கள் கேட்டால், படிக்க வேண்டியவர்கள் கோட்டையிலும் லண்டனிலும் இருந்தார்கள் என்பதுதான் பதில். மதமாற்றப் பிரசாரத்துக்கு அதிகாரிகள் துணைபோவதை எதிர்த்துத் தொடங்கிய பத்திரிகை, போகப் போக வரி பக்கம் திரும்பியது.

அதே 1844-இல் இன்னொன்றும் நடந்தது. 6-ஆவது சட்டத்தின்படி மாகாணத்துக்குள் சரக்குப் போக வர இருந்த உள்நாட்டுச் சுங்கம் எடுக்கப்பட்டது. வியாபாரிக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டக் கம்பெனி உப்பில் கைவைத்தது. கரிசைக்கு 180 ரூபாய் என்று ஏற்றி, லண்டன் இயக்குநர்கள் தலையிட்ட பிறகு 120-ஆகக் குறைத்தார்கள். 120 மணங்கு ஒரு கரிசை. அதாவது மணங்குக்கு ஒரு ரூபாய். வியாபாரிக்குக் கிடைத்த சலுகையைக் கூலிக்காரன் உப்பில் கட்டினான். உங்கள் பலகையில் இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வியாபாரம், அரசியல் என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

அடுத்து 1852. அந்த வருஷம் பிப்ரவரி 26 அன்று சென்னை உள்நாட்டார் சங்கம் தொடங்குகிறது. கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாகத் தொடங்கிச் சீக்கிரமே தனியாகப் பிரிந்தது. ஏன் 1852? கம்பெனியின் சாசனம் 20 வருஷத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்படும்: 1793, 1813, 1833, அடுத்தது 1853. அந்த ஒரு வருஷம்தான் லண்டனில் இந்திய விவகாரத்துக்குக் காது இருக்கும். கிஸ்தி தேதி தெரிந்தவருக்குச் சாசனத் தேதி தெரியாமல் போகுமா? சரியாக அதற்கு முன்னால் மனு போய்ச் சேர்ந்தது.

மனுவில் இருந்தவை: நிலத்தீர்வையின் பாரம், வசூலில் நடக்கும் கொடுமை, தறிக்கும் கடைக்கும் பட்டறைக்கும் போட்ட மொதர்பா வரி, உப்பு, பாசனமும் சாலையும் இல்லாமை, கோர்ட்டுத் தாமதமும் செலவும், கல்வி. இதில் முதலில் நிற்கும் தீர்வை எது? அறுபது வருஷத்துக்கு முன் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வயல்களில் ரீட்டும் மன்றோவும் அளந்து பார்த்த முறை. 1820-இல் மன்றோ கவர்னராக வந்ததும் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரிந்த அதே ரயத்துவாரி. உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில் அதுதான் சார். செட்டியார் நம் ஊருக்கு உரியவராக இருக்க வேண்டியதில்லை. அவர் மனு எழுதிய வரி நம் ஊரில் பிறந்தது.

மனு போனதோடு வேலை முடியவில்லை. 1853-இல் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர், சென்னைக்கு வருகிறார். செட்டியார் அவரைக் கூட்டிக்கொண்டு ஜில்லாக்களுக்குள் போய்க் குடியானவர்களையே பேசவைத்தார். 1854 ஜூலையில் அது மக்களவையில் வெடித்தது. வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறது என்ற பேச்சு வந்த பிறகு சென்னை அரசு மூவர் கமிஷன் போட்டது: எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். 1855 அறிக்கையில் ஒவ்வொரு முறையும் பெயரோடு இருக்கிறது. விரல்களைக் கட்டைக்கு நடுவில் வைத்து நெரிக்கும் கிட்டி. தலையைக் குனியவைத்துக் காலோடு கட்டிப்போடும் அண்ணாந்தாள். உச்சிவெயிலில் நிறுத்துவது, மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் தடுப்பது, சேவகனைப் பாக்கிதாரன் வீட்டுச் செலவிலேயே அவன் வாசலில் உட்காரவைப்பது, முழங்காலுக்குப் பின்னால் செங்கல்லைச் செருகிக் குந்தவைப்பது.

இதை ‘வெள்ளைக்காரன் கொடுமை’ என்று ஒரே வரியில் எழுதினால் தவறு. கைவைத்தவர்கள் பெரும்பாலும் நம் தாசில் சேவகர்களும் ஊர் மணியமும். கமிஷன் ஐரோப்பிய அதிகாரிகளைக் குற்றத்திலிருந்து விடுவித்தே எழுதியது, அது கமிஷனின் சாமர்த்தியம். ஆனால் ஏற்பாட்டைச் செய்தது யார் என்று பாருங்கள். 1816 ரெகுலேஷன்படி தாசில்தாரே போலீஸ் தலைவர். தீர்வை வாங்குபவனிடமே லாக்கப் சாவியும் இருந்தால் வேறென்ன நடக்கும்? 1859-இல் 24-ஆவது சட்டம் வந்து போலீசைத் தனி இலாகாவாகப் பிரித்ததற்கு இந்த அறிக்கை முக்கியக் காரணம்.

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடங்கள்: ‘கிரசெண்ட்’ 1844, ‘தி இந்து’ 1878, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. உள்நாட்டார் சங்கம் 1852, சென்னை மகாஜன சபை 1884. முதலாவது 1868-இல் செட்டியார் இறந்த பிறகு தூங்கிப்போனது. சொத்தையெல்லாம் பொதுக்காரியத்தில் விட்டு வறுமையில் இறந்தார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள், அதை உருக்கமாக்க வேண்டாம்.

தகடூர் வாசகர் (தர்மபுரி)

மிக்க நன்றி. முதல் வரியைத் திருத்திவிட்டேன், மிட்டா பலகையையும் மாற்றி எழுதுகிறேன். மன்றோ பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, ஐரோப்பிய வியாபாரிகளுக்கு ஒரு பலகை ஒதுக்கியிருக்கிறேன். அதில் பாரி, பின்னி தவிர நம் ஜில்லாவோடு தொடர்புள்ள பெயர் ஏதாவது உண்டா?

கஞ்சமலை

மன்றோ ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளை. 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த வியாபாரம் நொடித்துப்போக, பையன் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தான். 1792 முதல் 1799 வரை உங்கள் ஊரில். 1813 சாசன விவாதத்தில் மக்களவை முன் சாட்சி சொன்னார், 1820-இல் கவர்னர், 1827 ஜூலையில் பத்திக்கொண்டாவில் காலராவில் மரணம். எந்த வரிசை என்று கேட்டால், நிர்வாகி. ஆனால் அந்தக் காலத்தில் நிர்வாகமே ஒரு வியாபாரக் கம்பெனியின் குமாஸ்தா வேலைதானே. மிட்டா பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அந்தக் கம்பெனியின் உள்கட்டமைப்பை ஒரு சின்னக் கட்டத்தில் போட்டால் நன்றாக இருக்கும். 1,000 பவுன் பங்கு வைத்திருந்தால் ஒரு ஓட்டு, 3,000-க்கு இரண்டு, 6,000-க்கு மூன்று, 10,000-க்கு நான்கு. அதற்கு மேல் எவ்வளவு வைத்திருந்தாலும் நான்குதான். 24 இயக்குநர்கள், அந்தப் பதவிக்குக் குறைந்தது 2,000 பவுன் பங்கு வேண்டும். பென்னாகரத்துக் குடியானவனின் தீர்வையைப் பற்றிக் கடைசி வார்த்தை சொன்னது இந்தப் பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநர்களும், அவர்கள் தலைக்கு மேல் பிரிட்டிஷ் அமைச்சரவையின் கட்டுப்பாட்டு வாரியமும். 1853 சாசனத்தில் இயக்குநர் எண்ணிக்கை 18 ஆனது, அதில் 6 பேர் அரசு நியமனம். செட்டியார் சங்கத்துக்கு அது போதவில்லை. கம்பெனியையே எடுத்துவிட்டு ராணி நேரடியாக ஆள வேண்டும் என்று அடுத்த மனு போட்டார்கள்.

ஜில்லாவோடு தொடர்புள்ள ஐரோப்பிய வியாபாரி வேண்டுமென்றால் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனியின் சிவில் வேலையிலிருந்து விலகி இரும்பு வியாபாரத்தில் இறங்கியவர். ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கத் தனி உரிமையும் சென்னை அரசின் கடனும் வாங்கிக்கொண்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். தாது சேலத்துக் காந்தக்கல், எரிபொருள் மரக்கரி. நம் ஆட்கள் ஹீத்தை ஏதோ மேதை போல எழுதுவார்கள். உலோகத்தில் மேதைதான். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் 1839 காப்புரிமை அவருடையது, ஷெஃபீல்டுக்காரர்கள் அதை வைத்துச் சம்பாதித்தார்கள். ஆனால் தொழிலாகப் பார்த்தால் அடிப்படைக் கணக்கே இடித்தது. தாது ஒரு மூலையில், உலை கடற்கரையில். மரக்கரிக்காகக் காட்டை வெட்ட வெட்டக் கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது, இரும்பு விலையோ இங்கிலாந்தில் நிலக்கரி உலைகளால் இறங்கிக்கொண்டே வந்தது. அரசுக் கடன் இல்லாவிட்டால் முன்னமே மூடியிருக்கும். ஹீத் காப்புரிமை வழக்குகளில் கரைந்து 1851-இல் இறந்தார். பிறகு 1853-இல் வேறொரு கம்பெனி எடுத்து நடத்தியும் அதே கரிச் சிக்கலில் விழுந்தது. அரசியல் சலுகையால் வந்த தொழில், சலுகையோடு போனது என்று நான் எழுதுவேன், உங்கள் விருப்பம்.

பாரி, பின்னியை ஒரு வரியோடு விடுங்கள். அவர்களுக்கு மனு தேவைப்படவில்லை, 1836 முதலே சென்னை வர்த்தகச் சபை இருந்தது.

பழைய கெஜட்டு (ஓசூர்)

கஞ்சமலை ஐயா சொன்ன வர்த்தகச் சபையைத் தொட்டு ஒரு விஷயம், சட்டசபை பற்றி. கண்காட்சிகளில் ‘செட்டியார் 1860-களில் சட்டசபை உறுப்பினர்’ என்று போட்டால் பார்ப்பவர்கள் இன்றைய எம்.எல்.ஏ. மாதிரி நினைத்துக்கொள்வார்கள். 1861 கவுன்சில் சட்டப்படி சட்டம் இயற்றும்போது மட்டும் உட்கார கவர்னர் நியமிக்கும் கூடுதல் உறுப்பினர் அது. நான்கு முதல் எட்டுப் பேர், பாதியாவது அதிகாரி அல்லாதவர், பதவி இரண்டு வருஷம். கேள்வி கேட்க முடியாது, பட்ஜெட்டைத் தொட முடியாது. சென்னையில் முதலில் உட்கார்ந்த இந்தியர் வக்கீல் சடகோபாச்சார்லு, அவருக்கு அடுத்து லட்சுமிநரசு. பத்திரிகையும் மனுவும் வைத்திருந்தபோது அவருக்கு இருந்த பலம் அந்த நாற்காலியில் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1892 சட்டத்துக்குப் பிறகுதான் கேள்வி கேட்கவும் பட்ஜெட்டை விவாதிக்கவும் உரிமை. முனிசிபாலிட்டிகள், ஜில்லா போர்டுகள், பல்கலைக்கழகம், வர்த்தகச் சபை ஆகியவை பெயரைச் சிபாரிசு செய்யும், கவர்னர் நியமிப்பார். நம் ஜில்லாவில் இந்த வாசலைப் பயன்படுத்தியவர் சேலம் விஜயராகவாச்சாரியார், 1895-இல். 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கி விடுதலையானவர். அதற்கு முன்பே 1885-இல் சேலம் ராமசாமி முதலியார், பம்பாயின் சந்தாவர்க்கர், வங்கத்தின் மன்மோகன் கோஷ் மூவரும் இங்கிலாந்துத் தேர்தலுக்கு முன் அங்கே போய் இந்தியாவுக்காகப் பேசினார்கள்.

இந்தச் சேலத்துக்காரர்கள் இருவரும் வக்கீல்கள் என்பதைக் கவனியுங்கள். 1852-இல் வியாபாரி செய்த வேலை 1885-இல் வக்கீல் கைக்குப் போய்விட்டது. மனு எழுதப் பணமும் லண்டனில் ஆளும் வேண்டியிருந்த காலத்தில் வியாபாரி முன்னால் நின்றார். கோர்ட்டும் போர்டும் கவுன்சிலும் வந்த பிறகு சட்டம் படித்தவர் முன்னால் நின்றார், வியாபாரி சந்தா கொடுத்தார். உங்கள் ஏழாவது எட்டாவது பலகைகளில் வியாபாரிகளைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்க மாட்டார்கள்.

தகடூர் வாசகர் (தர்மபுரி)

ஏழாவது பலகை காலியாக இருந்ததன் காரணம் இப்போது புரிகிறது! கடைசியாக ஒன்று. மாணவர்கள் தங்கள் சொந்தக் கிராமம் மிட்டாவா ரயத்துவாரியா என்று தேடிப் பார்க்கும்படி ஒரு சிறு பயிற்சி வைக்கலாம் என்று யோசனை. எதில் பார்க்கச் சொல்வது?

கிஸ்திக்கணக்கு (கிருஷ்ணகிரி)

நல்ல யோசனை சார். வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 1948-ஆம் வருஷத்து 26-ஆவது சட்டத்தில்தான் எஸ்டேட்டுகள் ஒழிக்கப்பட்டன. அதற்கு முந்தைய கிரயப் பத்திரம் எந்த வீட்டிலாவது இருந்தால் சொத்து விவரத்தில் கிராமப் பெயரோடு மிட்டா பெயரும் வரும். ‘மிட்டாதாருக்குச் செலுத்த வேண்டிய தீர்வை’ என்ற வாசகம் இருந்தால் அது உறுதி. ‘சர்க்கார் தீர்வை’ என்றிருந்தால் ரயத்துவாரி. இனாம் (தீர்வை இல்லாமலோ குறைத்தோ விட்டுக்கொடுத்த) கிராமம் மூன்றாவது வகை, அதைத் தனியாகக் குறிக்கட்டும்.

பத்திரத்தில் ஜில்லாவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எல்லாம் ‘சேலம் ஜில்லா’ என்றுதான் இருக்கும். தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபரில், கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில். பழைய தாலுக்கா எல்லையும் வேறு. இன்றைய கிராமப் பட்டியலை வைத்து நேராகத் தேடினால் பாதி கிடைக்காது. பழைய தாலுக்காவைக் கண்டுபிடித்து, அதற்குள் கிராமத்தைத் தேட வேண்டும்.

வீட்டுப் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். பதிவுச் சட்டமே 1860-களின் நடுவில்தான் வந்தது. அதற்கு முன்னால் போக முடியாது, 1802-க்கு அந்த வழியில் போகவே முடியாது. மிட்டா பிறந்த கதைக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்தான். வருவாய் வாரிய நடவடிக்கைகள் தேதி வரிசையில் கட்டப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தர முடியாது, வருஷமும் மாதமும் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் அந்தந்த வருஷத்து அட்டவணையைக் கேட்டு வாங்கி, பாராமகால், சேலம் என்ற தலைப்புகளில் பக்கம் குறித்துக்கொண்டு, பிறகு தொகுதியைக் கேட்கட்டும். ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று எழுதப்பட்டிருக்கும். தர்மபுரியையே மூன்று நான்கு விதமாகப் பார்க்கலாம். வாய்விட்டு உச்சரித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பயிற்சித் தாளில் ஐந்து பத்தி போதும்: கிராமம், பழைய தாலுக்கா, வகை, எந்தப் பத்திரத்தில் பார்த்தது, பத்திரத்தின் வருஷம். நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்த வரியைச் சேர்க்க வேண்டாம். ‘தாத்தா சொன்னார்’ என்று வருவதைத் தனித் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மிட்டாதார் பெயர்கள் வரும். இன்றைக்கு இருக்கும் குடும்பங்கள் அவை, பலகையில் ஏற்றும் முன் பத்திரத்தோடு ஒத்துப்பாருங்கள்.